பாலைவனத்தில் நாணற்படுகை: எண்ணெய் வயல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கை ஈரநிலங்கள்

செயற்கை ஈரநிலம் என்பது, இயற்கையான சதுப்பு நிலத்தில் நீர் தூய்மையாகும் முறையைப் பின்பற்றி, கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்காக மனிதர் திட்டமிட்டு அமைக்கும் தாவரப் படுகை ஆகும். ஆழம் குறைந்த அகன்ற பாத்திகள், அவற்றில் நாணல், சம்பு, கோரை போன்ற நீர்த்தாவரங்கள், ஒரு முனையில் நுழையும் கழிவுநீர் மெல்ல நகர்ந்து மறுமுனையில் வெளியேறும் ஏற்பாடு: வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான். சிற்றூர்களின் வீட்டுக் கழிவுநீருக்கு இம்முறை பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தொழிற்சாலைக் கழிவுநீருக்கும், அதிலும் மழையே அரிதான பாலைவனத்தில், இது பயன்படுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்று சுட்டிக்காட்டத்தக்க பெரிய விடை ஓமான் நாட்டின் நிம்ர் எண்ணெய் வயலில் இருக்கிறது. தலைநகர் மஸ்கட்டிலிருந்து தென்மேற்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில், சரளையும் மணலும் பரந்து கிடக்கும் வெற்று நிலத்தில், பல நூறு ஹெக்டேர் பரப்பில் நாணல் வளர்க்கப்படுகிறது. அந்த நாணல் நீரிலிருந்து எண்ணெயை நீக்க உதவுகிறது. நீரில் உள்ள உப்பை அதனால் நீக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் இத்தொழில்நுட்பத்தின் மதிப்பையும் எல்லையையும் அறிய முடியும்.

எண்ணெயைவிட அதிகமாக வரும் நீர்

எண்ணெய்க் கிணறு என்றதும் கறுப்பு எண்ணெய் பீறிட்டு எழும் காட்சியே பலருக்கு மனத்தில் தோன்றும். உண்மையில் பழைய எண்ணெய் வயல்கள் பலவற்றில் எண்ணெயைவிட நீரே மிகுதியாக மேலே வருகிறது. எண்ணெய் தங்கியிருக்கும் பாறையின் நுண்துளைகளில் பல லட்சம் ஆண்டுகளாக உப்புநீரும் தங்கியிருக்கிறது. எண்ணெய் எடுக்க எடுக்க அந்த நீர் கிணற்றை நோக்கி நகர்கிறது. நிம்ர் வயலில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ பத்துப் பீப்பாய் நீர் வெளிவருகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். இத்துறையில் இதனை உடன்வரும் நீர் என்று அழைக்கலாம்.

இந்த நீரில் மூன்று வகைப் பொருள்கள் முக்கியமானவை. முதலாவது, பிரித்தெடுத்த பின்னும் எஞ்சி நிற்கும் எண்ணெய்; லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டாவது, கரைந்த உப்புகள். நிம்ரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம். கடல்நீரில் 35 கிராம் அளவு உப்பு உண்டு என்பதை நினைத்தால் இது குறைவுதான், ஆனால் குடிக்கவோ சாதாரணப் பயிருக்குப் பாய்ச்சவோ ஆகாது. மூன்றாவது, போரான் போன்ற சிறு அளவுத் தனிமங்கள்.

நீர் அருமையான நாட்டில் இவ்வளவு நீர் கையில் வந்து சேர்ந்தும் அது ஒரு சுமையாகவே இருந்தது. மேற்பரப்பில் விட்டால் மண் கெடும். ஆழம் குறைந்த நீர்த்தாங்கிப் பாறைகளில் செலுத்தினால் நிலத்தடி நீர் கெடும். எனவே ஆழ்துளைகள் வழியாக, உயர் அழுத்தப் பம்புகளைக் கொண்டு பூமியின் ஆழத்தில் திருப்பிச் செலுத்தினார்கள். வேண்டாத ஒரு பொருளை மண்ணுக்கடியில் திணிப்பதற்காகவே இரவும் பகலும் எரிபொருள் எரிக்கப்பட்டது. நாணற்படுகை இதற்கு மாற்றாக வந்தது. இது பெரும்பாலும் சுற்றுச்சூழல் அக்கறைக்கான எடுத்துக்காட்டாகவே எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு இடம் கிடைத்ததற்கு இந்த மின்செலவு ஒரு பெரிய காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாணல் என்ன செய்கிறது?

நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வுகளை 1950-களில் ஜெர்மனியில் தொடங்கியவர் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஃபீனால் கலந்த நீரில் ஒருவகைக் கோரை வளர்ந்து, நீரின் நச்சும் குறைவதைக் கண்டார். ஃபீனால் ஒரு தொழிற்சாலைக் கழிவு. ஆக, பின்னாளில் வீட்டுக் கழிவுநீரோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட இம்முறையின் தொடக்கத்திலேயே தொழிற்சாலைக் கழிவும் இருந்திருக்கிறது.

நாணல் எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கிறது என்று சொல்வது தவறான விளக்கம். எண்ணெயைச் சிதைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். நாணல் அவற்றுக்குக் குடியிருப்பு அமைத்துத் தருகிறது. நீரில் மூழ்கிய தண்டுகளிலும், உதிர்ந்து அடியில் படிந்த இலைச் சருகுகளிலும், வேர்களிலும் பாக்டீரியாக்கள் மெல்லிய வழுவழுப்பான படலமாகப் படர்கின்றன. ஒரு வெறும் குளத்தில் நீர் தொடும் பரப்பு தரையும் கரையும் மட்டுமே. அதே குளத்தில் நெருக்கமாக நாணல் நின்றால் அந்தப் பரப்பு பல மடங்காகிறது. மெதுவாக நகரும் நீர் இந்தப் படலங்களை உரசிச் செல்லும்போது எண்ணெய்த் துளிகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. பின் பாக்டீரியாக்கள் அவற்றின் கார்பனை உணவாக்கிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன.

இந்த வேலைக்கு ஆக்சிசன் வேண்டும். நாணலின் தண்டும் வேர்க்கிழங்கும் உள்ளே காற்றறைகள் கொண்டவை. சேற்றில் புதைந்திருக்கும் வேருக்கு மூச்சுவிட இலையிலிருந்து காற்று இறங்கி வர வேண்டும் என்பதற்காக அமைந்த குழாய்கள் அவை. வரும் காற்றில் ஒரு பகுதி வேர்நுனிகளில் கசிந்து வெளியேறுகிறது. அதனால் ஆக்சிசனற்ற கறுப்புச் சேற்றுக்குள்ளும் வேரைச் சுற்றி ஆக்சிசன் உள்ள ஒரு மெல்லிய வளையம் உண்டாகிறது. இவற்றோடு, எண்ணெயின் இலேசான கூறுகள் காற்றில் ஆவியாகின்றன. சில வெயிலின் புற ஊதாக் கதிரால் உடைகின்றன. கரைந்த இரும்பு துருவாக மாறிப் படிகிறது. எந்த வேலை எவ்வளவு பங்கு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். எல்லாம் ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

எண்ணெய் வயல் நீரில் ஒரு விசித்திரமான குறையும் உண்டு. வீட்டுக் கழிவுநீரில் நைட்ரசனும் பாஸ்பரசும் தேவைக்கு மேல் இருக்கும். அவற்றை நீக்குவதே அங்கே தலைவலி. எண்ணெய் வயல் நீரில் கார்பன் மிகுதி, நைட்ரசனும் பாஸ்பரசும் பஞ்சம். பாக்டீரியாவுக்கும் நாணலுக்கும் இது சோறு மட்டும் நிறைய வைத்துக் குழம்பை மறந்த பந்தி போன்றது. ஆகவே இத்தகைய படுகைகளில் தாவரம் தழைக்கக் காலமெடுக்கும். உதிர்ந்த சருகு அழுகி ஊட்டத்தைத் திருப்பித் தருவது முக்கியமாகிறது.

நிம்ரின் அமைப்பு

2008-இல் பெட்ரோலியம் டெவலப்மென்ட் ஓமான் நிறுவனம் இந்தப் பணியை ஜெர்மனியின் பாவர் குழுமத்திடம் ஒப்படைத்தது. வடிவமைப்பு, கட்டுமானம், நீண்டகால இயக்கம் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் அடங்கின. 2010-இன் இறுதியில் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு 45,000 கன மீட்டருக்குத் திட்டமிடப்பட்டது, 95,000 ஆகவும், பின்னர் 115,000 ஆகவும் விரிந்தது. அந்நிலையில் நாணற்படுகையின் பரப்பு சுமார் 360 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 890 ஏக்கர். அதன் பிறகு கொள்ளளவு 175,000 கன மீட்டராக உயர்த்தப்பட்டது. பீப்பாய்க் கணக்கில் இது நாளொன்றுக்குப் பதினொரு லட்சம்.

கிணறுகளிலிருந்து வரும் நீர் முதலில் சுழல் பிரிப்பான்களுக்குள் செல்கிறது. குழாயில் ஏற்கெனவே உள்ள அழுத்தமே நீரைச் சுழல வைக்கிறது. சுழற்சியில் கனமான நீர் ஓரத்துக்கும் இலேசான எண்ணெய் நடுவுக்கும் ஒதுங்குகின்றன. இங்கே பிரியும் எண்ணெய் எண்ணெய் நிறுவனத்துக்கே திரும்புகிறது. கழிவு என்று அனுப்பியதிலிருந்து விற்பனைச் சரக்கு திரும்பி வருவதால் இந்த முதற்கட்டம் தன் செலவில் ஒரு பகுதியைத் தானே ஈட்டிக்கொள்கிறது.

அடுத்து நீர் ஒரு நீண்ட வாய்க்கால் வழியே நாணற்பாத்திகளுக்குப் பகிர்ந்து விடப்படுகிறது. பாத்திகள் படிப்படியாக இறங்கும்படி, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மேற்பாத்தியிலிருந்து கீழ்ப்பாத்திக்கு நீர் தன் எடையாலேயே இறங்குகிறது, பம்பு தேவையில்லை. நீர் மண்ணுக்குள் ஊறிப் போகாதபடி பாத்திகளின் அடித்தளம் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் சுத்திகரிப்பு நிலையமே நிலத்தடி நீரைக் கெடுக்கும் ஊற்றாகிவிடும். வெளியேறும் நீரில் எண்ணெயின் அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடுகிறது. சில நூறிலிருந்து அரைக்கும் கீழே என்பது இயந்திரங்கள் நிறைந்த ஆலைகளுக்கும் எளிதில் கிட்டாத முடிவு. ஆழ்துளையில் திணிக்கும் முறையோடு ஒப்பிட்டால் 98 விழுக்காட்டுக்கும் மேல் ஆற்றல் மிச்சம் என்பது நிலையத்தை நடத்துவோர் தரும் கணக்கு.

செயற்கை ஈரநிலங்களில் சரளைக் கல் நிரப்பி, நீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கல்லினூடே ஓடவிடும் வகையும் உண்டு. கொசு குறையும், குறைந்த பரப்பு போதும் என்பன அதன் நன்மைகள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் படியும் நீருக்கு அந்தக் கல்லிடுக்குகள் அடைபடும் ஆபத்து பெரிது. 360 ஹெக்டேருக்குக் கல் நிரப்பும் செலவை எண்ணிப் பார்த்தாலே போதும், நிம்ரில் நீர் வெளியே தெரிய ஓடும் வகையைத் தேர்ந்ததன் காரணம் விளங்கும்.

வெயில் தரும் உதவியும் அது வாங்கும் கூலியும்

குளிர்நாடுகளில் நாணற்படுகைக்கு எதிரி குளிர்காலம். நீர் குளிர்ந்தால் பாக்டீரியாக்கள் சோம்பிவிடும். பொதுவாக, தாங்கும் எல்லைக்குள் வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். பாலைவனத்தில் ஆண்டின் பெரும்பகுதி அவை சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இம்முறையின் பெருங்குறை என்று சொல்லப்படும் இடத்தேவையும் இங்கே குறையாக இல்லை. மேலே கண்ட அளவுகளின்படி ஒரு ஹெக்டேர் நாளொன்றுக்குச் சுமார் 320 கன மீட்டர் நீரைத்தான் கையாள்கிறது. நகரத்துத் தொழிற்பேட்டையில் இப்படி நிலம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பயிரோ ஊரோ இல்லாத வெளியில் கேட்கலாம்.

சில்லறைத் தொல்லைகள் எங்கும்போல் இங்கும் உண்டு. மணற்புயல் பாத்தியைத் தூர்க்கும். எப்போதாவது பெய்யும் பெருமழையில் வறண்ட ஓடைகள் திடீரெனப் பெருக்கெடுக்கும், அதற்குத் தடுப்புக் கரை வேண்டும். பசுந்தீவனம் தேடும் ஒட்டகங்களுக்கு நாணல்தோட்டம் கண்ணில் பட்டால் விடுமா? வேலியும் வேண்டும். காய்ந்து நிற்கும் நாணல் எளிதில் தீப்பிடிக்கும். இவை எல்லாம் பொறியாளர்கள் சமாளித்துவிடக் கூடியவை.

சமாளிக்க முடியாதது ஆவியாதல். வறண்ட காற்றும் கடும் வெயிலும் நீர்ப்பரப்பிலிருந்து நீரை எடுத்துச் செல்கின்றன. நாணலின் இலைகளும் வேரில் உறிஞ்சியதை ஆவியாக விடுகின்றன. இவை இரண்டும் சேர்ந்து கோடைநாள் ஒன்றில் 10 மில்லிமீட்டர் நீர் குறைகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 100 கன மீட்டர். 360 ஹெக்டேருக்கு 36,000 கன மீட்டர். உள்ளே வந்த 115,000 கன மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வானத்துக்குப் போய்விடும்.

உப்பு எங்கே போகிறது?

போனது நீர் மட்டும். உப்பு ஆவியாவதில்லை. பாக்டீரியா அதைத் தின்பதில்லை. நாணல் தன் உடலில் சேர்க்கும் உப்பு மொத்தத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. எனவே மேற்சொன்ன கணக்கில், லிட்டருக்கு 7 கிராம் உப்போடு நுழைந்த நீர் 10 கிராமுக்கு மேல் உப்போடு வெளியேறும். எண்ணெய் நீங்கித் தெளிந்திருக்கும் அதே நீர் முன்பைவிட அதிகமாகக் கரிக்கும். ‘சுத்திகரித்த நீர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் எண்ணிக்கொள்வது இதையல்ல.

வடிவமைப்பாளரின் கையைக் கட்டிப்போடுவதும் இதுதான். எண்ணெய் நன்றாகச் சிதைய வேண்டுமானால் நீர் பாத்தியில் அதிக நாள் தங்க வேண்டும். அதிக நாள் தங்கினால் உப்பு ஏறும். நாணல் உப்பை ஓரளவு தாங்கும் தாவரம்தான். ஆனால் கடல்நீரின் உப்பளவை எட்டுவதற்கு வெகு முன்பே அது குட்டையாகி, மெலிந்து, அடர்த்தி இழக்கும். அடர்த்தி போனால் பாக்டீரியாவின் குடியிருப்பும் போகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பாலைவன ஈரநிலத்தை நடத்த வேண்டும். நிம்ரின் நீர் எண்ணெய் வயல் நீர்களிலேயே உப்புக் குறைந்த வகை என்பது அதன் நல்வாய்ப்பு. கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் நீர் வரும் எண்ணெய் வயல்கள் உலகில் நிறைய உண்டு. அங்கெல்லாம் நாணல் நட்டால் வேர்கூடப் பிடிக்காது.

நாளொன்றுக்கு 115,000 கன மீட்டர், லிட்டருக்கு 7 கிராம் என்றால் மொத்த உப்பு எவ்வளவு? பெருக்கிப் பார்த்தால் 800 டன்னுக்குச் சற்று மேல். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் டன். நாணற்படுகையைக் கடந்த நீர், அதைவிடவும் பரந்த ஆவியாக்கல் குளங்களில் போய்ச் சேர்கிறது. அங்கே நீர் வற்ற உப்பு படிகிறது. நிலையத்தின் புகைப்படங்களில் பச்சைப் பாத்திகளே முன்னால் நிற்கும். வெள்ளைக் குளங்கள் ஓரத்தில் தெரியும். கழிவுக் கணக்கில் பார்த்தால் இந்த நிலையத்தின் முடிவிடம் அந்த வெள்ளைக் குளங்கள்தாம்.

நீரை ஆவியாக விடாமல் பயன்படுத்தக் கூடாதா என்ற கேள்வி இயல்பானது. உப்பைத் தாங்கும் மரங்களையும் புற்களையும் இந்த நீரில் வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் நிம்ரிலேயே நடந்துள்ளன. எண்ணெய் நீங்கிய நீர் இத்தகைய பாசனத்துக்கு எண்ணெய் கலந்த நீரைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அங்கும் உப்புக் கணக்கு விடாது தொடர்கிறது. செடி நீரைக் குடித்து உப்பை வேர்ப்பகுதியில் விட்டுவிடும். அதைக் கழுவிக் கீழே தள்ள மேலும் நீர் பாய்ச்ச வேண்டும், கழுவிய நீர் வடிய வழியும் வேண்டும். சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி நீர் இறங்க மறுக்கும். போரான் சிறு அளவில் செடிக்குத் தேவை, சற்றுக் கூடினாலே நஞ்சு. உப்பை முழுவதும் நீக்கவேண்டுமானால் சவ்வூடு வடிகட்டும் ஆலை கட்ட வேண்டும். அதற்கும் முன்கட்டமாக நாணற்படுகை பயன்படும், ஏனெனில் எண்ணெய் படிந்தால் சவ்வு கெட்டுவிடும். அப்போதும் செறிந்த உப்புநீர் ஒரு பங்கு மிஞ்சும்.

பறவைகள்

ஆசியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளின் பாதையில் அரேபியப் பாலைவனம் குறுக்கே கிடக்கிறது. அதன் நடுவே நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நீரும் நாணலும் தோன்றினால் அவை இறங்காமல் போகுமா? நிம்ரில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. இது மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும், பறவைகள் வந்து தங்குவதை மட்டும் வைத்து நீர் பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. தாகத்தில் இறங்கும் பறவைக்கு நீரைச் சோதித்துப் பார்க்கும் வசதி இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் வாக்கின் பள்ளத்தாக்கு வறண்ட பகுதி. அங்கே பாசன நிலங்களில் வடிந்த உப்புநீரைக் கெஸ்டர்சன் என்ற இடத்தில் ஆழமற்ற குளங்களில் தேக்கினார்கள். குளங்கள் வனவிலங்குப் புகலிடமாகவும் இருந்தன, நீர்ப்பறவைகள் பெருகின. 1983-இல் அங்கே முட்டைக்குள்ளேயே உருக்குலைந்த குஞ்சுகள் கண்டறியப்பட்டன. பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து கரைந்து வந்த செலீனியம், குளத்துப் பாசியிலும் பூச்சியிலும் சேர்ந்து, அவற்றைத் தின்ற பறவைகளின் முட்டையில் குவிந்திருந்தது. 1986-இல் வடிகால் நீர் வருவது நிறுத்தப்பட்டது. பின்னர் தாழ்வான இடங்கள் மண் கொட்டி மூடப்பட்டன. அது தொழிற்சாலைக் கழிவும் அல்ல, நிம்ரின் நீரும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் வெளியேற வழியில்லாத வறண்ட நிலக் குளத்தில், நுழையும்போது அற்பமாக இருந்த ஒரு தனிமம் ஆண்டுக்கணக்கில் எப்படிச் செறியும் என்பதை உலகம் கற்றது அங்கேதான். அதனால்தான் இத்தகைய நிலையங்களில் வெளியேறும் நீரின் எண்ணெய் அளவை மட்டும் சோதித்தால் போதாது. கடைசிக் குளத்தின் சேறும், அதில் வாழும் புழுபூச்சிகளும், பறவை முட்டைகளும் சோதனைக்கு வர வேண்டும்.

எங்கே பொருந்தும்?

நிம்ரைப் பார்த்து எல்லாப் பாலைவனத் தொழிற்சாலைக்கும் நாணல் நடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பாக்டீரியா சிதைக்கக் கூடிய எண்ணெய், ஃபீனால், உணவுத் தொழிற்சாலைக் கழிவு போன்றவற்றுக்கு இது ஏற்றது. கடின உலோகங்களைப் படுகையால் சிதைக்க முடியாது. சேற்றில் பிடித்துவைக்க மட்டுமே முடியும். அப்போது சேறே ஒருநாள் அபாயக் கழிவாகிவிடும். நீரின் ஒவ்வொரு துளியையும் மீட்டுப் பயன்படுத்த வேண்டிய ஆலைக்கு, மூன்றில் ஒரு பங்கை வெயிலுக்குக் கொடுக்கும் இம்முறை கட்டுப்படியாகாது. நிம்ரில் அந்த இழப்பு யாரையும் வருத்தவில்லை. அங்கே நீரை ஒழிப்பதே நோக்கமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஈரநிலம் எண்ணெய் வயலின் நிழலில் வாழ்வது. கிணறுகள் ஓயும் நாளில் நீர் வரத்தும் ஓயும். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடத்தில் பாத்திகள் வற்ற அதிகக் காலம் ஆகாது. நாணல் காயும், பறவைகள் வேறு வழி தேடும். ஆவியாக்கல் குளங்களில் அதுவரை படிந்த லட்சக்கணக்கான டன் உப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை விரிப்போடு மூடுவதா, அள்ளி வேறிடம் கொண்டுபோவதா, விற்கத்தக்க உப்பைப் பிரித்தெடுப்பதா, அந்தச் செலவு யாருடையது என்பவை படுகை வடிவமைக்கப்படும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய விவரங்கள்.